மீன்முள் நஞ்சை மரபணு, புரத வழியில் ஆராய பாம்பு விஷத்துக்கான முறையே போதுமா?

கேள்வி சுருக்கமாக இது: சிங்கமீன், கல்மீன், திருக்கை போன்றவற்றின் முள்ளில் உள்ள நஞ்சை ஆராய வேண்டும். சுரப்பியின் ஆர்.என்.ஏ.வை வரிசைப்படுத்தி, நஞ்சைக் குரோமடோகிராபியில் பிரித்து, மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் (மூலக்கூறுகளின் எடையை அளக்கும் கருவி) ஓட்டினால் நச்சுப் புரதங்களின் பட்டியல் கிடைத்துவிடுமா? பாம்புகளில் இப்படித்தானே செய்கிறார்கள்?

பட்டியல் கிடைக்கும். ஆனால் பாம்புக்கான முறையை அப்படியே எடுத்தால் மீனின் முக்கிய நச்சு மூன்று இடங்களில் கைநழுவிப் போகும்: மாதிரியைச் சேமிக்கும்போது ஒரு முறை, குரோமடோகிராபியில் ஒரு முறை, கணினியில் சல்லடை போடும்போது ஒரு முறை. போதாக்குறைக்கு, நச்சே அல்லாத தோல்சளிப் புரதங்கள் பட்டியலில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

முதலில் ஓர் எல்லைக்கோடு. முள்ளாலோ பல்லாலோ உடலுக்குள் செலுத்தப்படும் நஞ்சு வேறு, தின்றால் பாதிக்கும் நஞ்சு வேறு. பேத்தை மீனின் டெட்ரோடோடாக்சின் புரதமல்ல, சிறு மூலக்கூறு. பாக்டீரியாக்கள் உண்டாக்கி உணவுச் சங்கிலி வழியே மீனில் சேர்வது. அதை உற்பத்தி செய்யும் மரபணுவை மீனுக்குள் தேடிப் பயனில்லை. அங்கே மரபணு ஆய்வு வேறு கேள்விகளைக் கேட்கிறது: தன் நஞ்சால் அந்த மீன் ஏன் சாவதில்லை? அதன் சோடியம் கால்வாய்ப் புரதங்களில் நஞ்சு ஒட்டும் இடத்திலுள்ள அமினோ அமிலம் மாறியிருக்கிறது. இரத்தத்தில் நஞ்சைப் பிடித்து வைத்துக்கொள்ளும் புரதம் ஒன்றும் பேத்தையில் 2001-இல் விவரிக்கப்பட்டது. இந்தப் பதில் முள்நஞ்சு பற்றியது.

முள்நஞ்சு உள்ள மீன்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். குறைந்தது 1,200 இனங்கள் என்று 2006-இல் கணித்தார்கள். 2016-இல் வந்த மறுகணக்கு அதை ஏறத்தாழ 2,400 முதல் 3,000 வரை உயர்த்தியது. மீன்களின் குலமரத்தில் நஞ்சு 18 முறை தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது என்பது அதே ஆய்வின் முடிவு. இந்த 18 என்ற எண்ணை மனத்தில் வையுங்கள். கெளுத்தியின் நஞ்சும் திருக்கையின் நஞ்சும் கல்மீனின் நஞ்சும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை அல்ல. ஒன்றில் கண்ட புரதத்தை இன்னொன்றிலும் எதிர்பார்க்க முகாந்திரமே கிடையாது.

இதுவரை நன்றாகத் தெரிந்தது கல்மீன் கூட்டம்தான். சினான்சியா ஹாரிடா என்ற கல்மீனிலிருந்து ஸ்டோனஸ்டாக்சின் 1991-இல் பிரித்தெடுக்கப்பட்டது. ஆல்ஃபா, பீட்டா என்ற இரண்டு துணையலகுகள் சேர்ந்து ஏறத்தாழ 148 கிலோடால்டன் எடை. ஒவ்வொன்றும் சுமார் 700 அமினோ அமிலம் நீளம். இதன் சி.டி.என்.ஏ. (எம்.ஆர்.என்.ஏ.வின் டி.என்.ஏ. நகல்) வரிசை 1996-இல் வெளியானது. படிக அமைப்பு 2015-இல் வந்தபோதுதான் இதன் வம்சம் தெரிந்தது: நம் நோயெதிர்ப்புச் செல்கள் பயன்படுத்தும் பெர்ஃபோரின், பாக்டீரியாக்களின் கொலஸ்ட்ரால் சார்ந்த துளையிடும் நச்சுகள் ஆகியவை அடங்கிய பெருங்குடும்பத்தின் பழைய கிளை அது. பல அலகுகள் வளையமாகக் கூடிச் செல்சவ்வில் துளை போடும். துளையின் ஆரம் ஏறத்தாழ 3.2 நானோமீட்டர் என்று முன்பே கணித்திருந்தார்கள். சினான்சியா வெருகோசா என்ற இன்னொரு கல்மீனின் வெருகோடாக்சின், நியோவெருகோடாக்சின், சிங்கமீன்களின் நச்சுகள் எல்லாம் இதே குடும்பம். சிங்கமீன் நச்சின் வரிசையைக் கண்டுபிடித்தது எளிய வழியில்: கல்மீன் வரிசையிலிருந்து பிரைமர் (பி.சி.ஆர். நகலெடுப்பைத் தொடங்கும் சிறு டி.என்.ஏ. துண்டு) வடிவமைத்து, சிங்கமீன் சுரப்பியின் ஆர்.என்.ஏ.வில் பி.சி.ஆர். ஓட்டி, இரு முனைகளையும் பிறகு நீட்டித்தார்கள். குறைந்த செலவில் இன்றும் செய்யத் தக்கது.

மற்ற கூட்டங்களில் கதை வேறு. பிரேசிலின் தேரைமீன் தலசோஃப்ரைன் நட்டரரியில் நட்டரின்கள் என்ற புரதங்களும், நட்டெக்டின் என்ற லெக்டினும் (சர்க்கரையைப் பிடிக்கும் புரதம்). கோரைப்பல்லால் கடிக்கும் மெயாகாந்தஸ் என்ற சிறு பிளென்னி மீன்களில் பாஸ்ஃபோலிபேஸ் ஏ2, என்கெஃபலின், நியூரோபெப்டைடு ஒய் ஆகிய மூன்று என 2017-இல் தெரிந்தது. சோதனைகளில் அந்த நஞ்சு வலியைத் தருவதற்குப் பதில் இரத்த அழுத்தத்தை இறக்கிவிடுகிறது. திருக்கைகளில் சிஸ்டாடின், பெராக்ஸிரெடாக்சின், காலெக்டின் போன்றவை பதிவாகியுள்ளன. நன்னீர்த் திருக்கையில் ஆர்போட்ரின் என்ற இரத்தக் குழாயைச் சுருக்கும் குறும்பெப்டைடு. ஹயலுரோனிடேஸ் பல முள்நஞ்சுகளில் உண்டு. அது திசுவை இளக்கி மற்றவற்றுக்கு வழிவிடும் நொதி.

இனி மாதிரி. பாம்புக்கு உட்குழிவுள்ள சுரப்பி, குழாய், பல். கறந்தால் விஷம் மட்டும் வரும். பெரும்பாலான மீன்களில் குழாயே கிடையாது. முள்ளின் இருபுறப் பள்ளங்களில் நச்சுச் செல்கள் அடுக்காக இருக்கும். மேலே தோலுறை மூடியிருக்கும். முள் குத்தும்போது உறை கிழிந்து, செல்கள் உடைந்து, உள்ளிருப்பது காயத்தில் இறங்கும். ஆக, நீங்கள் ‘விஷம்’ என்று எடுப்பது உண்மையில் நசுக்கிய திசு. அதில் மயோசின், ஆக்டின், ஹீமோகுளோபின், கொலாஜன், தோல்சளி எல்லாம் கலந்திருக்கும். கல்மீன் இதில் சற்று விலக்கு. அதன் 13 முதுகுமுட்களிலும் தனித்துத் தெரியும் இணைச் சுரப்பிகள் உண்டு. உறையைக் கீழே தள்ளி, நுண்ணிய ஊசியால் திரவத்தை உறிஞ்சலாம். ஒரு முள்ளுக்கு 5 முதல் 10 மில்லிகிராம் வரை நஞ்சு என்பது வழக்கமாகச் சொல்லப்படும் அளவு.

சிங்கமீனிலும் திருக்கையிலும் செய்ய வேண்டியது: முள்ளைக் குளிர்ந்த உப்புக் கரைசலில் இரண்டு மூன்று முறை அலசி, மேற்சளியைப் பஞ்சால் துடைத்து, உறையை நீளவாக்கில் கீறி, பள்ளத்திலுள்ள மென்திசுவை மட்டும் சுரண்டி எடுப்பது. முழு முள்ளையும் அரைக்காதீர்கள். அரைத்தால் எலும்பும் தசையும் பின்னால் புரதங்களைப் பிரிக்கும் ஜெல்லை நிரப்பிவிடும். துடைத்த சளியைத் தூக்கி எறியவும் வேண்டாம். அதுதான் உங்கள் மிக முக்கியமான ஒப்பீட்டு மாதிரி. அதே மீனின் முள்ளற்ற துடுப்புக்கதிரிலிருந்து கொஞ்சம் தோல்திசு, கொஞ்சம் கல்லீரல், இவற்றையும் எடுத்து வைக்கவும். ஒரு முள்ளை ஃபார்மலினில் போட்டுத் திசுவெட்டு எடுத்துப் பாருங்கள். சுரப்பிச் செல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண்ணால் பார்க்காமல் சுரண்டுவது இருட்டில் கை விடுவதுபோல.

செத்த மீனின் முள்ளும் குத்தினால் வேலை செய்யும். சாதாரண ரப்பர் கையுறை முள்ளைத் தடுக்காது. குத்துத் தாங்கும் கையுறையும் இடுக்கியும் கட்டாயம். குத்திவிட்டால் 45 டிகிரி செல்சியஸைத் தாண்டாத, தோல் தாங்கும் வெந்நீரில் 30 முதல் 90 நிமிடம் வைப்பது முதலுதவி, பிறகு மருத்துவமனை.

வெந்நீர் வலியைக் குறைப்பதற்கு நஞ்சின் புரதம் சூட்டில் கெடுவதுதான் காரணம் என்று வழக்கமாகச் சொல்வார்கள். சூடு நரம்பின் வலிச்செய்தியைத் தடுப்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். எப்படியானாலும் ஆய்வுமேசையில் இந்தப் புரதங்கள் சட்டென்று கெடுபவை என்பது உறுதி. பாம்பு விஷத்தை உறைநிலையில் உலர்த்திப் பொடியாக ஆண்டுக்கணக்கில் வைக்கலாம். கல்மீன், சிங்கமீன் நஞ்சுகள் உலர்த்தும்போதும், மறுபடி மறுபடி உறைய வைத்து உருக்கும்போதும், அறைவெப்பத்தில் கிடக்கும்போதும் செயலை இழக்கக்கூடும். முக்கிய நச்சு கைநழுவும் முதல் இடம் இதுதான். ஆகவே எடுத்த உடனே பனிக்கட்டியில், பி.எச். 7.4 அளவிலான 50 மில்லிமோலார் டிரிஸ் பஃபர், 150 மில்லிமோலார் சோடியம் குளோரைடு, புரோட்டியேஸ் தடுப்பான் கலந்து பிரித்தெடுக்கவும். தடுப்பானில் ஈ.டி.டி.ஏ. இல்லாத வகையை வாங்குங்கள். அது கால்சியத்தைப் பிடித்துவிட்டால் பாஸ்ஃபோலிபேஸ் சோதனை பொய்யாக ‘இல்லை’ என்று காட்டும். 4 டிகிரியில் 12,000 ஜி விசையில் 15 நிமிடம் சுழற்றி, தெளிந்ததை இரண்டாகப் பிரிக்கவும். செயல் சோதனைக்கான பாதியில் கிளிசரால் 20 முதல் 30 சதவீதம் சேர்த்து, 50 மைக்ரோலிட்டர் சிறு பங்குகளாக மைனஸ் 80-இல் வைக்கவும். மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்கான பாதியில் கிளிசரால் கூடாது. கருவியின் அயனியாக்கத்தைக் கெடுக்கும். இரு பாதியையும் குழப்பாமல் குழாய் மூடியிலேயே வெவ்வேறு நிறத்தில் குறியிடுங்கள்.

ஆர்.என்.ஏ.வுக்கான திசுவை வேறு முள்ளிலிருந்து எடுக்கவும், 20 முதல் 30 மில்லிகிராம் போதும். 5 மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் இல்லாமல் நறுக்கி, பத்து மடங்கு கொள்ளளவு ஆர்.என்.ஏ.லேட்டர் என்ற பாதுகாப்புத் திரவத்தில் போட்டு, ஓர் இரவு 4 டிகிரியில் ஊறவிட்டு மைனஸ் 80-க்கு மாற்றவும். திரவ நைட்ரஜன் கைவசம் இருந்தால் அதுவே மேல். மீன் பிடிபட்டு அரைமணி நேரம் தளத்தில் கிடந்திருந்தால், பின்னால் எந்த மென்பொருளும் அதைச் சரிசெய்யாது. திருக்கைத் திசுவில் சளிப் பல்சர்க்கரைகள் ஆர்.என்.ஏ.வோடு சேர்ந்தே வந்து நொதிகளைத் தடுக்கும். 260 நானோமீட்டருக்கும் 230 நானோமீட்டருக்கும் உள்ள ஒளிஉறிஞ்சல் விகிதம் 1.5-க்குக் கீழே போனால் ஆர்.என்.ஏ. சுத்திகரிப்புக் குழலில் இன்னொரு முறை கழுவுங்கள். ஆர்.என்.ஏ. சிதையாமல் இருப்பதைக் காட்டும் முழுமை எண் (RIN) 7-க்கு மேல் இருக்கட்டும்.

இன்னொரு நுணுக்கம், முள்ளிலிருந்து நஞ்சை எடுத்த நேரம். நஞ்சு நிறைந்து கிடக்கும் சுரப்பியில் அதை உண்டாக்கும் எம்.ஆர்.என்.ஏ. குறைவாகவே இருக்கலாம், காலியான பிறகுதான் உற்பத்தி முடுக்கிவிடப்படும். பாம்புகளில் கறந்து மூன்று நான்கு நாட்கள் கழித்துச் சுரப்பியை எடுப்பது இதனால்தான். மீன்களில் மறுநிரப்பு வேகம் இனத்துக்கு இனம் மாறும். அந்த நாட்கணக்கை அப்படியே எடுக்காமல், இரண்டு மூன்று வெவ்வேறு நாட்களில் எடுத்த திசுக்களில் அளவறி பி.சி.ஆர். ஓட்டி முடிவுசெய்யுங்கள்.

வரிசைப்படுத்த, 150 காரம் (மரபணு எழுத்து) நீள இருமுனை வாசிப்பு, ஒரு மாதிரிக்கு 4 முதல் 6 கோடி இணைகள் தாராளம். ஜீனோம் கிடைக்காத இனத்துக்கு டிரினிட்டி போன்ற மென்பொருளில் புதிதாகக் கோர்க்க வேண்டும். பத்து லட்சம் இணைகளுக்கு ஏறத்தாழ ஒரு ஜிகாபைட் நினைவகம் என்று கணக்கிடுங்கள். கோர்த்தது எவ்வளவு முழுமை என்று பஸ்கோ என்ற மென்பொருளில் சோதிக்கலாம். எலும்புமீன்களுக்கு 3,640 மரபணுக்கள் கொண்ட ஆக்டினோப்டெரிஜி தொகுப்பு. திருக்கைக்கு அது பொருந்தாது, முதுகெலும்பிகள் தொகுப்பை எடுக்கவும்.

இங்கே நடக்கும் பிழைகளில் மூன்று மிகவும் அடிக்கடி நிகழ்பவை. ஸ்டோனஸ்டாக்சினின் ஆல்ஃபாவும் பீட்டாவும் ஒரே மூதாதை மரபணுவிலிருந்து பிரிந்தவை. ஒற்றுமை அதிகமான பகுதிகளில் குறுவாசிப்புகள் இரண்டையும் ஒட்டி, இயற்கையில் இல்லாத கலப்பு வரிசையை உருவாக்கிவிடும். சந்தேகமானால் முழுநீள பிரைமர் வைத்துப் பி.சி.ஆர். செய்து சாங்கர் முறையில் உறுதிசெய்யுங்கள், அல்லது நீள்வாசிப்புக்குப் போங்கள். அடுத்தது, தேவையற்ற நகல்களை நீக்குவதாக நினைத்து 95 சதவீத ஒற்றுமையில் தொகுத்துவிடுவது. நெருங்கிய இரட்டை மரபணுக்கள் அதில் ஒன்றாகக் கரைந்துபோகும். 99-இல் நிறுத்துங்கள். மூன்றாவது, புரதக் குறியீட்டுச் சட்டத்தின் (புரதமாகப் பெயர்க்கத்தக்க பகுதியின்) குறைந்தபட்ச நீளம். டிரான்ஸ்டீகோடர் என்ற மென்பொருள் தானாக 100 அமினோ அமிலத்துக்குக் குறைந்தவற்றை விட்டுவிடும். குறும்பெப்டைடு தேடுபவர் அதை 30 அளவுக்கு இறக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பிழை சிக்னல் பெப்டைடு சல்லடை. தொடக்கத்தில் சொன்ன கணினிச் சல்லடை இதுதான். சுரக்கும் புரதம் என்றால் முன்முனையில் சிக்னல் வரிசை இருக்கும், இல்லாதவற்றை ஒதுக்கிவிடலாம் என்பது பாம்பு ஆய்வின் பழக்கம். ஸ்டோனஸ்டாக்சினுக்கு அந்த வரிசையே இல்லை. நியோவெருகோடாக்சினுக்கும் சிங்கமீன் நச்சுகளுக்கும் அப்படியே. செல்லே உடைந்து நஞ்சை விடும் அமைப்பில் சுரப்புக் கட்டளைக்கு என்ன வேலை? சல்லடையை மாட்டினால் கொல்லும் புரதம் முதல் ஆளாக வெளியேறும். சாதுவான சளிப் புரதங்கள் உள்ளே நிற்கும்.

பெயரிடுவதில் எதிர்த்திசைப் பொறி ஒன்று உண்டு. தரவுத்தளத்தில் தேடினால் ‘ஸ்டோனஸ்டாக்சின் துணையலகு ஆல்ஃபா போன்றது’, ‘வெருகோடாக்சின் பீட்டா போன்றது’ என்ற பெயர்கள் கொத்துக்கொத்தாக வரும். நஞ்சே இல்லாத மீன்களின் ஜீனோம்களிலும் இந்தப் பெயர்கள் நிறைய உண்டு. தானியங்கி மென்பொருள் அருகிலுள்ள பெயரை ஒட்டியதன் விளைவு இது. நட்டரின் போன்ற மரபணு வரிக்குதிரை மீனிலும் உண்டு. அங்கே அது நோயெதிர்ப்புக் காரியம். ஆகவே பெயரை நம்பாமல் குலமரம் வரையுங்கள். உங்கள் வரிசை, செயல் நிரூபிக்கப்பட்ட நச்சுகளோடு ஒரே கிளையில் உட்காருகிறதா, அல்லது சாதாரண மீன்களின் உறவுப் புரதங்களோடா என்று பாருங்கள். அதன்பின் சுரப்பிக்கும் முள்ளற்ற தோலுக்கும் இடையே வெளிப்பாட்டை ஒப்பிடுங்கள், குறைந்தது மூன்று தனி மீன்களில். ஒரே மீனின் மூன்று முட்கள் மூன்று மாதிரிகள் ஆகா.

புரதப் பக்கம். புரத அளவைப் பி.சி.ஏ. என்ற நிறச்சோதனை முறையில் எடுங்கள். 20 மைக்ரோகிராமை 10 சதவீத எஸ்.டி.எஸ். ஜெல்லில் (புரதங்களை எடைவாரியாகப் பிரிப்பது) ஓட்டினால், கல்மீன் கூட்டத்தில் 70 முதல் 80 கிலோடால்டன் இடையே அழுத்தமான பட்டை தெரியும். அதுதான் பிரிந்த துணையலகுகள். பட்டையே இல்லாமல் கீழே மங்கலாக வழிந்திருந்தால் புரோட்டியேஸ் தின்றுவிட்டது, அடுத்த கட்டத்துக்குப் போகாதீர்கள்.

செயலுள்ள நச்சைத் தனியே பிரிக்க வேண்டுமானால் ரிவர்ஸ்-ஃபேஸ் எச்.பி.எல்.சி. (கரிமக் கரைப்பானில் பிரிக்கும் குரோமடோகிராபி) வேண்டாம். பாம்பு விஷத்தின் சின்ன, டைசல்ஃபைடால் இறுகிய புரதங்கள் அசிட்டோநைட்ரைலையும் டிரைஃப்ளூரோஅசிட்டிக் அமிலத்தையும் தாங்கும். 150 கிலோடால்டன் இரட்டைப் புரதம் அதில் விரிந்து, துணையலகுகள் பிரிந்து, செயலற்ற கட்டியாகும். நச்சு கைநழுவும் இரண்டாவது இடம். ஸ்டோனஸ்டாக்சினை முதலில் பிரித்தவர்கள் செஃபாக்ரில் எஸ்-200 ஜெல் வடிகட்டல், அதன்பின் டி.இ.ஏ.இ. அயனிப் பரிமாற்றம் என்ற மிதமான வழியில்தான் போனார்கள். அதை மாற்ற இன்றும் காரணமில்லை.

அடையாளம் காண மட்டுமே என்றால் விரிந்தாலும் கவலையில்லை. 10 மில்லிமோலார் டி.டி.டி.யில் 56 டிகிரியில் 45 நிமிடம், 30 மில்லிமோலார் அயோடோஅசிட்டமைடில் இருட்டில் 30 நிமிடம், டிரிப்சின் ஒன்றுக்கு ஐம்பது விகிதத்தில் 37 டிகிரியில் இரவு முழுதும், பிறகு சி-18 சுத்தம். தேடும் தரவுத்தளம் உங்கள் சொந்த டிரான்ஸ்கிரிப்டோமிலிருந்து (கோர்த்த ஆர்.என்.ஏ. வரிசைகளின் தொகுப்பு) பெயர்த்ததாக இருக்கட்டும். பொதுத் தரவுத்தளத்தை மட்டும் நம்பினால், ஒரு அமினோ அமிலம் மாறிய பெப்டைடுகூடப் பொருந்தாமல் போகும். மனிதக் கெரட்டின், டிரிப்சின் அடங்கிய மாசுப் பட்டியலையும் சேர்க்கவும். தவறான கண்டுபிடிப்பு விகிதம் 1 சதவீதம், ஒரு புரதத்துக்குத் தனித்த பெப்டைடு குறைந்தது இரண்டு. ஆல்ஃபாவுக்கும் பீட்டாவுக்கும் பொதுவான பெப்டைடை இரண்டுக்கும் சான்றாக எண்ணாதீர்கள். அதே நாளில், அதே கருவியில் சளி மாதிரியையும் ஓட்டுங்கள். இரண்டிலும் ஒரே அளவில் நிற்கும் லெக்டினை நச்சு என்று எழுதுவது அவசரம். திருக்கை, கெளுத்தி பற்றிய பட்டியல்களை இந்தச் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டும் என்பது என் கருத்து.

செயல் சோதனையில் எளிதானது இரத்தச் சிவப்பணுச் சிதைவு. 1 சதவீத முயல் சிவப்பணுக் கரைசலில் நஞ்சை இரட்டிப்பு நீர்த்தல்களாகச் சேர்த்து, 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, சுழற்றி, மேல்நீரை 540 நானோமீட்டரில் அளக்கவும். டிரைட்டான் (சோப்புப் பொருள்) 1 சதவீதம் சேர்த்தது முழுச் சிதைவு, வெறும் பஃபர் சேர்த்தது பூஜ்யம். முயல் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு: இந்த நச்சுகள் முயல் செல்லை எளிதில் உடைக்கும், வேறு பல விலங்குகளின் செல்லை அவ்வளவாகத் தொடாது. கிடைத்தது மனித இரத்தம் என்று அதில் செய்துவிட்டு ‘செயல் இல்லை’ என்று முடிவுகட்டிவிடாதீர்கள். கொதிக்க வைத்த நஞ்சு, சளி இரண்டையும் ஒப்பீட்டுக்கு வையுங்கள். கொதிக்க வைத்த பிறகும் சிதைவு தொடர்ந்தால் நீங்கள் பார்ப்பது இந்தப் புரதமல்ல. சோப்புபோல வேலை செய்யும் வேறேதோ. கிளிசராலை நீர்த்தல்கள் அனைத்திலும் ஒரே அளவில் வைக்க மறந்தால், சவ்வூடு அழுத்தமே செல்லை உடைத்துப் பொய் முடிவு காட்டும்.

கையில் நாலைந்து மீன்களே இருக்கின்றன, வரிசைப்படுத்தப் பணமும் குறைவு என்றால் ஒரு குறுக்குவழி. ஆஸ்திரேலியாவில் 1959 முதல் உள்ள கல்மீன் எதிர்நஞ்சு, சிங்கமீன் நஞ்சின் விளைவுகளையும் சோதனைகளில் தணிக்கிறது. அதாவது, குடும்பம் ஒன்று என்பதை எதிர்நஞ்சிலுள்ள எதிர்ப்புப் பொருளே (ஆன்டிபாடி) காட்டிக்கொடுக்கும். காலாவதியான குப்பி கிடைத்தால், ஜெல்லில் பிரித்த புரதங்களை எதிர்ப்புப் பொருளால் அடையாளம் காணும் வெஸ்டர்ன் பிளாட்டில் முதல்நிலை எதிர்ப்புப் பொருளாகப் பயன்படுத்தி, உங்கள் மீனில் ஸ்டோனஸ்டாக்சின் உறவு உண்டா என்று ஒரே நாளில் பார்த்துவிடலாம். அது குதிரையில் தயாரானது, எதிர்ப்புப் பொருளின் எஃப்.சி. என்ற வால்பகுதி வெட்டப்பட்ட துண்டுதான் குப்பியில் இருக்கும். எனவே இரண்டாம்நிலை எதிர்ப்புப் பொருள் குதிரையின் எஃப்.ஏ.பி. பகுதியை (நச்சைப் பிடிக்கும் கைப்பகுதி) பிடிப்பதாக இருக்க வேண்டும். எஃப்.சி.யை மட்டும் பிடிக்கும் வகையை வாங்கினால், நச்சு இருந்தும் ஃபிலிம் வெறுமையாகவே வரும்.